சங்கரா மீன் வரிசை

பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கும் அந்த அம்மாவின் பெயரை நான் கேட்டதில்லை. புடவைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டை, இரண்டு பக்கமும் மூக்குத்தி. பேசும்போதும் மீன்களின் மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பார்.

முதன்முதலில் அவரிடம் போனபோது என் மகளுக்கு நான்கு வயது. ஆட்டிசம் என்று டாக்டர் சொல்லி ஆறு மாதம் ஆகியிருந்தது, பேச்சு வரவில்லை. ஒரு ஞாயிறு காலை, நான் விலை கேட்பதற்குள் அவள் பலகையருகே குந்தி, சங்கரா மீன்களை ஒரே பக்கம் தலைவைத்து அடுக்கத் தொடங்கினாள். நான் பதறிப்போய் அவளை இழுத்தேன்.

"வுடும்மா. என்னிய வுட நல்லா அடுக்குது," என்றார் அந்த அம்மா.

அந்த நேரம் மீன் வாங்க வந்த ஒருவர், வரிசையின் நடுவிலிருந்து ஒன்றைத் தூக்கினார். மகள் அலறித் தரையில் விழுந்தாள்.

"புள்ளைய அடக்கி வளக்க மாட்டீங்களா?" என்றார் அவர். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

அந்த அம்மா அவரிடமிருந்து மீனை வாங்கி, இருந்த இடத்திலேயே வைத்தார்.

"ஓரத்துலேர்ந்து எடு நைனா. நடுவுல கை வைக்காத."

"எனக்கு அதான் வேணும்."

"அப்போ வேற கடை பாரு."

அவர் போய்விட்டார். மகள் மெல்ல எழுந்து மறுபடி அடுக்க உட்கார்ந்தாள்.

பார்க்கிறவர்களெல்லாம் என்னிடம் 'ஏன் இப்படி? எப்போ பேசுவா?' என்றுதான் கேட்பார்கள். இரண்டு வருடமாக ஞாயிறுதோறும் அங்கே போகிறோம். அந்த அம்மா அவளைப் பற்றி இதுவரை கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"மீனு துன்னுமா?"

இல்லை என்றேன். அதற்கு மட்டும் வருத்தப்பட்டார்.