அண்ணன் வயலுக்குக் கீழே எடுத்த தண்ணீர்

குடிநீர் நிலையத்தின் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்குப் பதினெட்டு வருட வேலை. வாரம் ஒருமுறை ஏரியில் நான்கு இடங்களில் தண்ணீர் எடுத்து, புட்டியில் தேதி ஒட்டி, ஐஸ் பெட்டியில் கொண்டுவந்து சோதிப்பாள். கூட வேலை செய்கிறவர்கள் அவளுக்கு வைத்த பெயர் 'சொட்டு'. ஒரு சொட்டு கூடினாலும் முதலிலிருந்து ஆரம்பிப்பாள்.

அந்தக் கோடையில் ஏரி பச்சைப் பெயின்ட் கொட்டியதுபோல ஆனது. பாசி செத்து அழுகியதில் தண்ணீரில் பிராணவாயு தீர்ந்து, மீன்கள் வயிற்றைக் காட்டிக்கொண்டு கரை ஒதுங்கின. ஊருக்குப் போகும் குழாயை மூடினார்கள். வயல்களிலிருந்து உரம் கரைந்து வருகிறது என்பது தெரிந்ததுதான். எந்த வயல் என்று கண்டுபிடிக்க மேலதிகாரி அவளை அனுப்பினார்.

ஏரியில் விழும் மூன்று ஓடைகளில் இரண்டில் பெரிய குறையில்லை. மூன்றாவதன் கரையோரம் நடக்க அவளுக்கு யாரும் வழி சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவள் பிறந்த வீட்டு நிலம் அங்கேதான் இருந்தது. அப்பா இருந்தவரை ஓடைக்கும் உழவுக்கும் நடுவே நாணலும் புதருமாக ஒரு பட்டை நிலத்தை விட்டு வைத்திருந்தார். அவர் போன மறுவருடம், சும்மா கிடக்கிறதே, வெட்டி உழுதுவிடட்டுமா என்று அண்ணன் கேட்டான். தாராளமாகச் செய் என்றவள் இவள்தான். இப்போது உழவுசால் தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருந்தது. முந்தின நாள் மழையில் உர உருண்டைகள் சால் வழியே இறங்கிக் கிடந்தன.

ஓடையில் வயலுக்கு மேலே ஒரு புட்டி, கீழே ஒரு புட்டி எடுத்தாள். கீழே எடுத்ததில் உரத்திலிருந்து வரும் நைட்ரேட் ஆறு மடங்கு இருந்தது. மூன்று முறை செய்து பார்த்தாள். பிறகு சாப்பாட்டு டப்பாவைத் திறந்து மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள்.

சாயங்காலம் அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சொன்னாள். அவன் அப்போதுதான் கை கழுவிவிட்டு வந்திருந்தான்.

"ஊரே உரம் போடுது. என் வயல்தான்னு எப்படிச் சொல்ற?"

"மேல எடுத்த தண்ணி நல்லாருக்குண்ணா. கீழ எடுத்தது இல்ல."

"நீயும்தானே வெட்டச் சொன்ன?"

"ஆமா. அதையும் அறிக்கையில எழுதியிருக்கேன்."

அவன் துண்டில் கையைத் துடைத்தான். காய்ந்த பிறகும் துடைத்தான். சாப்பிட்டுப் போகச் சொன்னாள் அண்ணி. ஆயிற்று என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

அந்த ஒரு வரி எதற்கு, அடித்துவிடு என்றார் மேலதிகாரி. அவள் அடிக்கவில்லை. கரையோரம் முப்பதடி உழக்கூடாது, மழைக்கு முன்னால் உரம் வீசக்கூடாது என்று உத்தரவு போயிற்று. அண்ணன் அப்படியே செய்தான். தங்கையோடு பேசுவதை மட்டும் நிறுத்தினான். அண்ணி எப்போதாவது போன் செய்து, யாருக்கு உடம்பு சரியில்லை, யாருக்கு வேலை கிடைத்தது என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவாள்.

மூன்றாம் வருடம் ஓடையில் நைட்ரேட் பாதியாகக் குறைந்தது. ஏரி அத்தனை சீக்கிரம் தெளியவில்லை. அடிச்சேற்றில் பழைய உரம் தங்கியிருக்கிறது, இன்னும் எத்தனையோ வருடம் ஆகும் என்றார்கள். சந்தோஷப்படலாமே என்றாள் கூட வேலை செய்கிறவள். சரி என்றாள் இவள். உள்ளே தேடிப் பார்த்தாள். சந்தோஷமும் இல்லை, துக்கமும் இல்லை. மரத்துப்போன கையைத் தொட்டுப் பார்ப்பதுபோல இருந்தது.

ஒருநாள் உழாமல் விட்ட ஓடைக்கரையில் அண்ணன் எதிரே வந்தான்.

"புல்லு நல்லா பிடிச்சிருக்கு" என்றாள்.

"ம்" என்றான் அவன், ஓடையைப் பார்த்து. மண்வெட்டியைத் தோள் மாற்றிக்கொண்டு மேட்டுப் பக்கம் நடந்தான். அவள் அடுத்த ஓடைக்குப் போக வண்டியை எடுத்தாள்.