செபஸ்தியான் இறந்த தேதி

மூளைக்கட்டி ஆராய்ச்சி என்றதும் பெரிய மெஷின்களுக்கு நடுவே வெள்ளைக் கோட்டோடு நிற்கும் ஆளைத்தான் எல்லாரும் நினைக்கிறார்கள். என் வேலையில் பாதி, முன்பின் தெரியாத வீடுகளுக்குப் போன் செய்து, அங்கே ஒருவர் உயிரோடு இருக்கிறாரா என்று விசாரிப்பது. எடுக்காத போனைத் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருக்கும் உத்தியோகம் பார்த்தவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

நான் மருந்து எழுதித் தரும் டாக்டர் அல்ல, ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கிய டாக்டர். 2010 வாக்கில் நாகர்கோவிலில் ஓர் ஆஸ்பத்திரியின் ஆய்வகத்தில் சேர்ந்தேன். ஆபரேஷனில் எடுத்த கட்டியின் துணுக்கை மெழுகில் பதித்து, சின்ன வில்லையாக வருஷக்கணக்கில் பத்திரப்படுத்தி வைப்பார்கள். பழைய வில்லைகளை எடுத்து, மரபணுவைச் சோதித்து, கட்டிகளை இனம் பிரிப்பது என் பொறுப்பு. பலாப்பழத்தில் சுளை கெட்டியான வருக்கைச் சக்கையும் குழைந்த கூழன் சக்கையும் வெளியே பார்க்க ஒன்றுபோல இருப்பதைப் போல, மைக்ராஸ்கோப்பில் சில கட்டிகள் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் ஒன்று ஓரிரு வருஷத்தில் ஆளை முடித்துவிடும், இன்னொன்று பத்து வருஷத்துக்கு மேலும் விட்டுவைக்கும். யார் எத்தனை நாள் இருந்தார் என்று தெரிந்தால்தான் நாங்கள் பிரித்தது சரியா என்று சொல்ல முடியும். அதற்குத்தான் இந்தப் போன்கள். நோயாளிகளிடம் முன்பே சம்மதக் கையெழுத்து வாங்கியிருந்தோம். என் நோட்டில் ஒவ்வொரு நம்பருக்கும் எதிரே ‘இறந்த தேதி’ என்று ஒரு கட்டம் உண்டு.

களியக்காவிளை செக்போஸ்ட்

மரபணுவைப் பார்க்கும் மெஷின் எங்களிடம் கிடையாது. திருவனந்தபுரத்தில் ஒரு லேபில் நேரம் கேட்டு வாங்கி, வில்லைகளைப் பிஸ்கட் டப்பாவில் பஞ்சு வைத்து அடுக்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போவேன். பக்கத்து சீட்டில் இருப்பவர்கள் ஆளுக்கொரு போனில் பேசிக்கொண்டு வருவார்கள். என்னை யாரும் கூப்பிட மாட்டார்கள். அண்ணன் துபாயில், அப்பா அம்மா இல்லை. மார்த்தாண்டத்து வீடு பூட்டிக் கிடந்தது.

ஒரு தடவை கேரள எல்லையான களியக்காவிளையில் போலீஸ்காரர் ஒருவர் பஸ்ஸில் ஏறி, டப்பாவைத் திறக்கச் சொன்னார். அடுக்கடுக்காக மெழுகு வில்லைகள். என்னவென்று கேட்டார். மூளைத் துணுக்குகள், மொத்தம் நாற்பது பேருடையது என்று சொல்லி, ஆஸ்பத்திரிக் கடிதத்தைக் காட்டினேன். அவர் டப்பாவையும் என்னையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, மூடியை அவரே பதனமாக மூடினார்.

“நாப்பது பேருக்க மூளையா? இத வச்சிட்டு நீங்க ஒத்தைக்கா போறிய?”

தோவாளைப் பூக்கடை

போனில் எப்படிக் கேட்பது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. “உயிரோடு இருக்கிறாரா” என்று நேராகக் கேட்க நாக்கு வராது. அதனால் “சுகமா இருக்காங்களா” என்று ஆரம்பிப்பேன்.

தோவாளையில் பூ மொத்த வியாபாரம் பார்க்கும் ஒருவரின் மனைவிக்கு எங்கள் ஆஸ்பத்திரியில்தான் ஆபரேஷன் நடந்தது. அவருக்குப் போன் போட்டபோது, பின்னால் பிச்சிப்பூவுக்கு விலை கூவும் சத்தம். “வீட்டுல அம்மா சுகமா இருக்காங்களா?” என்றேன்.  பிறகு அவர் கடையை விட்டு வெளியே வந்திருக்க வேண்டும், சத்தம் அடங்கியது. மனைவி இறந்து இரண்டு வருஷம் ஆகிறது என்று சொல்லி, தேதியையும் சொன்னார். நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போனை வைக்கப் போனேன்.

“வைக்காதீங்க. அவ சுகமா இருக்காளான்னு ஒரு ஆளு கேட்டு எத்தன நாளாச்சி.”

நம்பர் முப்பத்தொன்று

மூன்று வருஷத்தில் ஏறக்குறைய எல்லாக் கட்டங்களும் நிரம்பிவிட்டன. நம்பர் முப்பத்தொன்று மட்டும் பாக்கி. செபஸ்தியான், மீன்பிடித் தொழில், முட்டத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கடற்கரை ஊர். ஆறு வருஷத்துக்கு முந்தைய ரிப்போர்ட்டில் மிக மோசமான வகை என்று எழுதியிருந்தது. அந்த வகையில் ஆறு வருஷம் இருந்தவரை நான் கண்டதில்லை. அவரும் போயிருப்பார் என்றே முடிவு கட்டிவிட்டேன். போனை எடுத்தது ஓர் ஆண்குரல். மகனாக இருக்கும் என்று நினைத்து, அன்றைக்கு இருந்த அலுப்பில், ஆஸ்பத்திரி டாக்டர் பேசுகிறேன் என்று மட்டும் சொல்லி, எப்போதும் கேட்கிற “சுகமா”வையும் விட்டுவிட்டு, “செபஸ்தியான் இறந்த தேதி வேணும்” என்றேன். சொன்ன பிறகுதான் என் காதிலேயே அது விழுந்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

“நாந்தாம் செபஸ்தியான். அந்தத் தேதி இன்னும் வரல்லியே டாக்டரம்மா.”

பெரிய டாக்டரின் கையெழுத்து

செபஸ்தியானுடைய வில்லை இன்னும் சோதனைக்குப் போகாமல் இருந்தது; அதை எடுத்தேன். ஒரு தடவை சோதித்து நம்பாமல் இரண்டாம் தடவையும் சோதித்தேன். மரபணு வேறு கதை சொன்னது. மெதுவாக வளரும் இனம், சிகிச்சைக்கு நன்றாக வசப்படும் இனம். ஆனால் ஆராய்ச்சி முடிவை நானாக அவரிடம் சொல்ல விதி கிடையாது. ஆய்வகத் தலைவரான பெரிய டாக்டர், திருத்திய ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட வேண்டும். பழைய ரிப்போர்ட்டில் இருந்ததும் அவர் கையெழுத்துதான்.

பெரிய டாக்டர் முப்பது வருஷம் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தவர். செபஸ்தியான் கட்டியின் சீவலை ஒட்டி வைத்த பழைய கண்ணாடித் தகட்டைத் திரும்பவும் வெகுநேரம் பார்த்தார். அன்றைக்கு இந்தச் சோதனை நம்மிடம் இல்லை, யார் பார்த்திருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பார்கள் என்றேன். அது உண்மை. அவர் முகம் தெளியவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை மூடாமலே உட்கார்ந்திருந்தார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. சொந்தப் பிள்ளையிடம் பேசுவதுபோல என்னிடம் சொன்னார்.

“மக்களே, இப்பவும் இது பழைய மாதிரிதான் தெரியுது. எனக்க கண்ணுல தப்பு எங்கன்னு எனக்கே தெரியல்ல.”

சண்டை

செபஸ்தியான் வந்தார். கஞ்சி போட்ட வேட்டி, ஒட்ட வெட்டிய தலையில் ஆபரேஷன் தழும்பு. சிகிச்சை பார்த்த டாக்டர் எல்லாவற்றையும் விளக்கினார்: கட்டி முழுசாகப் போய்விட்டது என்று அர்த்தமில்லை, வருஷாவருஷம் ஸ்கேன் எடுக்க வேண்டும், வலிப்பு வரலாம் என்பதால் கடலுக்குப் போகக்கூடாது, ஆனால் சாவை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்க வேண்டாம்.

வெளியே பெஞ்சில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஒரு வருஷம்தான் என்று அன்றைக்குச் சொன்னதைக் கேட்டு, வள்ளத்தைத் தம்பிக்குக் கொடுத்தாராம். மகளுக்குப் படிப்பை நிறுத்தி அவசரமாகக் கல்யாணம் முடித்தாராம். அவள் டீச்சராக ஆசைப்பட்டவள். ஆறு வருஷமாக வீட்டுக்குள் அவர் காதுபட யாரும் குரல் உயர்த்தியது கிடையாது. நல்ல மீனெல்லாம் அவர் தட்டுக்குத்தான் வரும். சந்தோஷமாக இல்லையா என்று கேட்டேன். மகளுக்குப் போன படிப்பு போனதுதானே என்றார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு ரிப்போர்ட்டை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

“எனக்க வீட்டுக்காரி ஆறு வருஷமா என்கூட ஒரு சண்ட பிடிக்கல்ல. இன்னைக்கு இதக் காட்டுதேன், பிடிக்காளான்னு பாப்போம்.”

கடைசிப் போன்

பிடித்தாளாம். அடுத்த வருஷம் விவரம் கேட்கப் போன் செய்தபோது, பின்னால் அந்த அம்மாள் ஏசிக்கொண்டிருப்பது எனக்கே கேட்டது. மகள் கைக்குழந்தையோடு தபால் வழியில் படித்துப் பரீட்சைக்குப் பணம் கட்டியிருந்தாள். வருஷத்துக்கு ஒரு தடவை, அவர்கள் ஊர்த் திருவிழா கொடியிறங்கிய மறுவாரம், அந்தப் போன். கட்டத்தில் ‘இருக்கிறார்’ என்று எழுதுவேன்.

பிறகு ஆராய்ச்சித் திட்டம் முடிந்தது. கட்டுரை எழுதி அனுப்பினோம். மெஷின் நேரம் போயிற்று, ஆட்கள் போனார்கள், பெரிய டாக்டர் ஓய்வு பெற்றார். நான் வாடகை அறையில் உட்கார்ந்து வேறு வேலைக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தேன். சில நாட்கள் பால்காரரிடம் சொல்லும் “ஒரு பாக்கெட்” மட்டுமே அன்றைக்கு நான் பேசிய பேச்சாக இருக்கும். இனி யாருக்கும் போன் செய்ய வேண்டிய காரணமில்லை என்பது நிம்மதியாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை.

திருவிழா வந்ததும் போனதும் எனக்குத் தெரியாது. ஒரு காலையில் என் செல்போன் அடித்தது. செபஸ்தியான். பேரப்பிள்ளையின் சத்தமும், அந்த அம்மாள் யாரையோ ஏசும் சத்தமும் பின்னால். நலம் விசாரிக்க வாயெடுத்தேன். அவர் என்னைப் பேசவிடவில்லை.

“கொடியெறங்கிப் பத்து நாளாச்சி, உங்க போனு வரல்ல. டாக்டரம்மா, நீங்க உயிரோட இருக்கியளா?”

மூளைக்கட்டிகளை இனம் பிரித்து நாங்கள் கண்டுபிடித்தது என்னவென்று கட்டுரையில் விவரமாக இருக்கிறது; அதில் சேர்க்க இடமில்லாமல் போன ஒரே முடிவு, நான் உயிரோடு இருக்கிறேனா என்று வருஷத்துக்கு ஒரு தடவை சரிபார்க்க நம்பர் முப்பத்தொன்று இருக்கிறார் என்பது.