அத்தை வாங்கிக் குவித்த பாட்டுகள்

மலேசியாவின் கூலாயில் இருந்த எங்கள் வீட்டில் அரிசி டின்னுக்குப் பின்னால்கூடப் பாட்டு இருந்தது. எல்லாம் அத்தை வாங்கியவை. அப்பாவின் தங்கையான அவர், செனாய் பக்கம் இரும்புத் தகடு அடிக்கும் ஒரு தொழிற்சாலையில் பதினெட்டு வயதிலிருந்து வேலை பார்த்தார். அங்கே பக்கத்தில் நிற்பவரிடம் பேசவும் கத்த வேண்டும் என்பார். சம்பளம் போட்ட வாரக் கடைசியில் பஸ் ஏறி ஜொகூர் பாரு போவார்; திரும்பும்போது இரண்டு கையிலும் பை. அலமாரி நிறைந்து, கட்டிலுக்கு அடியிலும் இடமில்லாமல், என் பள்ளிச் சீருடை இருந்த இழுப்பறைக்குள்ளும் சிடிகள் குடிவந்தன. பாதிக்கு மேல் பிளாஸ்டிக் உறை பிரிக்காதவை. ரொம்பப் பிடித்துப்போனால் ஒரே ஆல்பத்தில் இரண்டு வாங்குவார்.

ஊரே செல்பேசியில் பாட்டுக் கேட்கத் தொடங்கிவிட்ட காலம் அது. இன்னும் யார் சிடி வாங்குகிறார்கள் என்று அம்மா முணுமுணுப்பார். அத்தை சண்டைக்கு வரமாட்டார்.

"இப்ப கேக்காம எப்ப அண்ணி கேக்கிறது?" என்பதோடு சரி.

எனக்கு அவர் வித்தைக்காரி. ஸ்பீக்கர் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். பாட்டு தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் எந்த ஆல்பம், எத்தனையாவது பாட்டு என்று சொல்லிவிடுவார். உலகத்தில் வேறு யாருக்கும் இப்படி ஓர் அத்தை கிடையாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு ஒன்பது வயதிருக்கும். தீபாவளிக்கு மெர்சிங்கிலிருந்து பெரியப்பா குடும்பம் வந்திருந்தது. அத்தையைப் பற்றி நான் அளந்ததைப் பெரியப்பா மகன் நம்பவில்லை. சோதித்துப் பார்ப்பதென்று முடிவாயிற்று. விருந்தாளிகளுக்காக ஒரு ஸ்பீக்கரை வாசலில் வைத்திருந்தோம். மற்றொன்று கூடத்தில், அத்தையின் கைக்கு எட்டும் தூரத்தில். அவன் உறையை மறைத்துக்கொண்டு சிடிகளை மாற்றி மாற்றிப் போட்டான். அத்தை ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அவன் முகம் சுருங்கிப்போயிற்று.

கடைசியில் என்னைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு, கூடத்து ஸ்பீக்கரின் கம்பியை மட்டும் பின்னாலிருந்து உருவினான். வாசலில் பாட்டு தெரு முழுக்கக் கேட்டது. எதிர் வீட்டுக்காரர் தாளம்கூடப் போட்டுக்கொண்டிருந்தார்.

அத்தை கண்ணைத் திறந்தார்.

"ஏன் நிப்பாட்டிட்டீங்க? போடுங்கலா."

வீடு அதிரச் சிரித்தோம். எங்களுக்காக நடிக்கிறார் என்றுதான் நினைத்தேன். அத்தை எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு அவரும் சிரித்தார். முறுக்குத் தட்டோடு வந்த அம்மா மட்டும் சிரிக்கவில்லை. தட்டைத் தரையில் வைத்துவிட்டு வந்து, கம்பியை மறுபடி செருகினார். அத்தை கையை வைத்தார்.

"நாலாவது பாட்டு" என்றார். நாலாவதுதான்.

அன்றோடு அம்மாவின் முணுமுணுப்பு நின்றது. அத்தையிடம் எதைச் சொல்வதானாலும் அருகே போய்த் தோளைத் தொட்டுச் சொல்லத் தொடங்கினார். அடுத்த சம்பள வாரம் அம்மாவும் கூடவே பஸ் ஏறி, ஒரு பையைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார். அம்மாவுக்கும் பாட்டுப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று அப்பாவிடம் போய்ச் சொன்னேன்.

நானும் யாருக்கும் தெரியாமல் பெட்டியில் கை வைத்துப் பழகினேன். காகிதத்துக்கு அடியில் வண்டு மாட்டிக்கொண்டதுபோல ஓர் அதிர்வு. அதற்கு மேல் ஒன்றும் பிடிபடவில்லை. ஒரு நாள் மாலை, எப்படி என்று எனக்கும் சொல்லிக்கொடுக்கச் சொல்லி அத்தையிடமே கேட்டேன். கேட்டு முடிக்கும்வரை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உனக்கு எதுக்குமா அது? நீ காதாலயே கேளு" என்றார்.

வித்தையைச் சொல்லித்தர மனமில்லாதவர் என்று கோபித்துக்கொண்டு, இரண்டு நாள் அவரோடு பேசாமல் இருந்தேன்.