எங்கும் போகாத அண்ணன்

ஆலங்குடியை அடுத்த கிராமத்தில், தென்னையும் நிலக்கடலையும் பயிரிட்ட குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தவர் எங்கள் அண்ணன். பள்ளிப் படிப்போடு நின்று, என்னைக் கல்லூரிக்கு அனுப்பியவர். அண்ணி கருவுற்றிருந்தபோது கட்டுமான வேலைக்காகச் சிங்கப்பூர் போனார். எங்கள் ஊரில் இது புதிதல்ல. பல வீடுகளில் அப்பா என்றால் போனில் பேசுகிறவர்.

முதல் விடுப்பில் அவர் வந்தபோது மகளுக்கு இரண்டு வயது முடிந்திருந்தது. அவரைக் கண்டதும் அண்ணியின் பின்னால் ஒளிந்துகொண்டாள். மாலையில் உறவினர்கள் கூடியிருந்தபோது கேட்டாள்: "அம்மா, இந்த மாமா எப்ப அவங்க வீட்டுக்குப் போவாங்க?"

எல்லோரும் சிரித்தோம். அண்ணனும் சிரித்தார். பிறகு எழுந்து கொல்லைப்பக்கம் போனவர் திரும்பி வர நேரமாயிற்று. விடுப்பு முடிந்தும் அவர் விமானம் ஏறவில்லை.

புயலில் எங்கள் தோப்பு சாய்ந்தபோது பழைய முதலாளி போன் செய்து கூப்பிட்டார். "இல்லைங்க, நான் வரலை," என்று சொல்லிவிட்டு, விழுந்த மரங்களை அறுக்கப் போனார். புதிய கன்றுகள் காய்க்கும்வரை பிறர் தோப்புகளில் கூலிக்குத் தேங்காய் உரித்தார்.

மகளுக்குச் சடை பின்னுவதை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார்.

"என்னங்க, வேன்காரர் ஆரன் அடிக்கிறாரு. நீங்க இன்னும் ஒத்தச் சடையிலயே நிக்கிறீங்க!" என்று அண்ணி சத்தம் போடுவார்.

"அடிக்கட்டும். இன்னும் ரெண்டு வருசத்துல அவளே பின்னிக்குவா. அப்ப கெஞ்சுனாலும் தலையக் குடுப்பாளா?"

"அப்பா, வலிக்குது. அம்மாவே பின்னட்டும்."

"பாத்தியா, இப்பவே ஆரம்பிச்சுட்டா!"

பிறகு மகன் பிறந்தான். அவனை அங்கன்வாடிக்கு நடத்தியே கூட்டிப்போவார். அவன் நின்ற இடத்தில் எல்லாம் அவரும் நிற்பார். "ஏறுங்கண்ணே, வண்டியில விட்டுர்றேன்," என்று நான் கூப்பிட்டால், "நீ போடா, நாங்க எறும்பு பாத்துக்கிட்டிருக்கோம்," என்பார்.

வயிற்றில் புற்றுநோய் என்று தெரிந்தபோது அது முற்றியிருந்தது. தஞ்சாவூரில் சிகிச்சை பலிக்கவில்லை. வீட்டில் இருந்த கடைசி வாரங்களில் பையனைத் தூக்க அவருக்குத் தெம்பில்லை. குழாயடியில் முக்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். அண்ணி தண்ணீர் ஊற்ற, அவர் சோப்புப் போட்டுவிடுவார். விரல் விரலாகத் தேய்ப்பார். "போதும்ப்பா, குளுருது," என்று அவன் நெளிந்தாலும் விடமாட்டார்.

கொள்ளி வைக்க வேண்டிய மகனுக்கு அப்போது மூன்று வயது. அவனுக்குப் பதில் நான் வைத்தேன். அன்று அவனைப் பக்கத்து வீட்டில் வைத்திருந்தார்கள். அப்பா எங்கே என்று கேட்டதற்கு ஓர் உறவினர், "சிங்கப்பூருக்கு வேலைக்குப் போயிருக்காங்க, சாமி," என்றார். இங்கே எந்தக் குழந்தையும் எளிதில் நம்பும் பதில் அது. மறுத்துச் சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை.

திருச்சி விமான நிலையத்திலிருந்து பெட்டி கட்டிய கார் ஊருக்குள் வரும்போதெல்லாம் அவன் வாசலுக்கு ஓடினான். முதலாண்டுத் திதிக்கு அவனே உட்கார வேண்டும் என்று பேச்சு வந்தது. அப்பா சிங்கப்பூரில் இருப்பதாக நம்பும் பிள்ளையை எள்ளும் தண்ணீரும் இறைக்கச் சொல்ல முடியாது. எப்படிச் சொல்வது என்று நாங்கள் தயங்கிக்கொண்டிருந்த நாளில் அவனே அண்ணியிடம் கேட்டான்:

"நான் சோறு திங்காம அடம்புடிச்சேன்ல, அதான் அப்பா போயிட்டாங்களா?"

பெரியவள்தான் அவனை இழுத்து அருகில் உட்காரவைத்துக்கொண்டாள்.

"அப்பா நம்மள விட்டுட்டு எந்த ஊருக்கும் போகலடா. செத்துப் போயிட்டாங்க."

"அப்ப வரவே மாட்டாங்களா?"

"மாட்டாங்க."

"என் மேல கோவம் இல்லையா?"

"இல்லடா."

அவன் அப்பாவுக்காக அழுதது அன்றுதான்.

சிகிச்சை அளித்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், அந்த மாதங்களில் எங்கள் பிள்ளைகளுக்குச் சோறூட்டிய அண்டை வீட்டாருக்கும், தோப்பு வேலைகளைத் தம் வேலையாக எடுத்துச் செய்த நண்பர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இந்த நினைவு மலரைப் பெறுவோரிடம் ஒரு வேண்டுகோள். திதியன்று பையன் உங்கள் அருகில் வந்தால் பேச்சை மாற்றாதீர்கள். அவனோடு அண்ணன் நின்றதை, நடந்ததை, சிரித்ததை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதில் ஒன்றைச் சொல்லுங்கள். அப்பாவைப் பற்றி அவனுக்குச் சொந்தமாக நினைவிருப்பது மிகக் குறைவு.

— தம்பி