ஒழுகாத தொட்டியும் அழுகிய கற்றாழையும்

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனாலும் பிரிக்ஃபீல்ட்ஸ் வட்டாரத்தில் ஒழுகாத வாளி எங்கே கிடைக்கும் என்று கேட்டுப் பாருங்கள் — என் தகரப் பட்டறையைத்தான் காட்டுவார்கள். கப்பலை விட்டு இறங்கியபோது என்னிடம் இருந்தது ஒரு சுத்தியல். அதற்கும் பிடி கிடையாது. அதை வைத்தே பட்டறை போட்டேன். ரயில்வே லைன் வீடுகளுக்கெல்லாம் மழைத்தண்ணீர்த் தொட்டி செய்து கொடுத்தேன். கிள்ளானிலிருந்து லோரி எடுத்து வந்து வாளி வாங்கிப் போனார்கள்.

ஜப்பான்காரர் வந்ததும் புதுத் தகடு வருவது நின்றது. மற்ற பட்டறைக்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். பழைய பிஸ்கட் டின்னையும் மண்ணெண்ணெய் டின்னையும் வெட்டி, நிமிர்த்தி, ஈயம் பற்றவைத்து, விளக்கும் குவளையும் செய்தவன் யார்? அடியேன்தான்.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன்? பெருமைக்கா? பெருமைக்கும்தான்! ஆனால் விஷயம் வேறு. இத்தனை செய்த என்னை ஒரு சோற்றுக் கற்றாழை திக்குமுக்காட வைத்துவிட்டது. இன்றைக்கும் எனக்கு முழுசாகப் புரியவில்லை.

மூன்று மாதத்துக்கு முன்பு என் மனைவி பார்வதி மரவள்ளிக் கிழங்கை வடித்தபோது கொதிநீர் கையில் கொட்டிவிட்டது. மணிக்கட்டு முதல் முழங்கை வரை தோல் வெந்துவிட்டது. டிஸ்பென்சரிக்கு நடந்தோம். கழுவித் துணி சுற்றினார்கள். தடவுவதற்குக் களிம்பு இல்லை. இந்தக் காலத்தில் யாரைக் கோபிப்பது?

பக்கத்து வீட்டு அஞ்சலை தன் கற்றாழையை ஓட்டைச் சட்டியோடு தூக்கிக்கொண்டு வந்தாள். அவள் கணவர் சயாம் ரயில் பாதை வேலைக்குப் போனவர், இன்னும் திரும்பவில்லை. அவர் கையால் வைத்த செடி. எங்கள் வீட்டு வரிசையில் இருந்த ஒரே கற்றாழையும் அதுதான்.

"அண்ணே, தினம் ஒரு மடல் எடுத்து அக்கா கையில தடவுங்க. செடி மட்டும் பத்திரம். அவரு வந்தா மொதல்ல அதத்தான் கேப்பாரு."

ஓட்டைச் சட்டி! என் வீட்டு வாசலில்! பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? அன்றே ஒரு தகரத் தொட்டி செய்தேன். மூலைக்கு மூலை இரட்டை மடிப்பு. விளிம்பு வரை தண்ணீர் நிரப்பிப் பார்த்தேன் — ஒரு சொட்டு கசியவில்லை. கொல்லையிலிருந்து நல்ல கரிய மண்ணை எடுத்துப் போட்டுச் செடியை நட்டேன்.

எங்களிடம் ஒரு பழக்கம் உண்டு. மருந்துச் செடியில் கை வைப்பதற்கு முன்பு வேரில் ஒரு செம்பு தண்ணீர் விட்டு, "தாயே, எடுத்துக்கிறேன்" என்று கேட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும். கேட்காமல் எடுத்தால் மருந்து பலிக்காது. நான் தினமும் கேட்டேன். பார்வதி தன் பங்குக்குக் காலையில் ஒரு செம்பு. சொறி, சிரங்கு, கட்டி என்று வரிசைக்காரர்களும் வந்தார்கள். எல்லாரும் மரியாதை தெரிந்தவர்கள்... ஆளுக்கு ஒரு செம்பு!

பத்து நாளில் மடல் மஞ்சளாயிற்று. தொட்டால் நமத்த அப்பளம் மாதிரி வளைந்தது. நீங்களாக இருந்தால் என்ன நினைப்பீர்கள்? தாகம் என்றுதானே? இரண்டு செம்பு விட்டேன். மறுநாள் இன்னும் தொங்கியது. மூன்று விட்டேன். தண்ணீர் கொடுத்தால் மாடு எழுந்து நிற்கிறது, மனிதன் எழுந்து நிற்கிறான். இது மட்டும் குடிக்கக் குடிக்கப் படுக்கிறதே — என்ன நியாயம் இது?

பார்வதியின் கை பாதிதான் ஆறியிருந்தது. அன்று மடலைக் கீறினால், உள்ளே கண்ணாடி மாதிரி இருக்க வேண்டிய சோறு பழுப்பாக வழிந்தது. நாற்றம் வேறு.

"இதையா என் கையில தடவப் போறீங்க?"

"தண்ணி பத்தல பார்வதி. அதான்."

"இன்னும் பத்தலயா? பேசாம ஆத்துல எறக்கி விட்டுருங்க, வயிறு முட்டக் குடிக்கட்டும்!"

அப்போது விளக்குக்கு ஈயம் வைக்க வந்து சேர்ந்தார் காதர் பாய். சோற்றுக் கடை வைத்திருந்தவர். அரிசி ரேஷனான பிறகு கிழங்கு ரொட்டி சுட்டு விற்கிறார். ராமநாதபுரம் கடற்கரைக்காரர். என்னைச் சீனக் கடை முதலாளி மாதிரி 'தவுக்கே' என்றுதான் கூப்பிடுவார், கேலியாக. தொட்டி மண்ணில் விரலை விட்டார். இரண்டு கணு வரை வழுக்கிக்கொண்டு இறங்கியது.

"என்ன தவுக்கே, கத்தாழ வளக்குறீங்களா, கெளுத்தி மீன் வளக்குறீங்களா?"

"பாய், தொட்டி யார் செஞ்சது? ஒரு சொட்டு ஒழுகாது லா!"

"அதான் வினையே! உள்ள போன தண்ணி எந்த வழியாப் போகும்? எங்க ஊரு மணல் மேட்டுல இது பாட்டுக்குக் கெடக்கும். குடம் தூக்கிட்டுப் போயி எவன் ஊத்துனான்? அதுக்கு வேணுங்கிற தண்ணிய அது மடல்லயே வச்சிருக்கு. அடியில ஓட்டை போடுங்க."

ஓட்டையா? ஊரார் ஓட்டையை அடைத்தே வயிறு வளர்த்தவன் நான். என் தொட்டியில், என் கையாலேயே ஓட்டையா?

"அது மட்டும் முடியாது பாய். வேற வழி சொல்லுங்க."

பாய் சிரித்தார். பார்வதி சிரிக்கவில்லை. கையில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்து, புண்ணை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

செடியைப் பிடுங்கினோம். வேர் பாதி கூழாகிவிட்டது. சத்தம் கேட்டு வந்த அஞ்சலை அதைப் பார்த்துவிட்டு, "அவருக்கு நான் என்னண்ணே பதில் சொல்வேன்?" என்றாள். நான் தொட்டியிலிருந்த சேற்றை வழிக்கப் போனேன்.

பாய் சொல்லச் சொல்ல அஞ்சலைதான் செய்தாள். அழுகியதையெல்லாம் கத்தியால் சீவி எறிந்தாள். கெட்டியாக இருந்த நான்கு மடல் பார்வதிக்கு. அடியில் இரண்டு பக்கக் கன்றுகள் — வேர் வெள்ளையாக, உயிரோடு. அவற்றை நடவில்லை! நிழலில் ஒரு பலகைமேல் ஐந்து நாள் சும்மா போட்டு வைத்தார்கள், வெட்டிய இடம் காய்ந்து தோல் கட்டும் வரைக்கும். மண்ணும் இல்லை, தண்ணீரும் இல்லை. அப்படிக் கிடந்தது எப்படிச் சாகாமல் இருந்தது? கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது.

அந்த ஐந்து நாளில் நான் என்ன செய்தேன்? தொட்டியைக் கவிழ்த்து வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆறாம் நாள் ஆணியை எடுத்தேன். டங்... டங்... ஐந்து ஓட்டை. ஒவ்வொன்றும் என் நெஞ்சில் விழுந்தது.

ஆற்று மணல் இரண்டு பங்கு, மண் ஒரு பங்கு, அடியில் செங்கல் துண்டு. நட்ட பிறகு ஒரு வாரம் சொட்டுத் தண்ணீர் கிடையாது. அதற்கப்புறமும் விரலை விட்டுப் பார்த்து, இரண்டு கணு ஆழம் காய்ந்திருந்தால் மட்டும்தான். பழக்கத்தையும் விடவில்லை. கற்றாழையிடம் கேட்டுக்கொண்டு, செம்புத் தண்ணீரைப் பக்கத்து முருங்கைக்கு ஊற்றுகிறார்கள். முருங்கை கூரையைத் தொட்டுவிட்டது!

பார்வதியின் கை ஆறிவிட்டது. தழும்பு இருக்கிறது. முந்தாநாள் அஞ்சலை தொட்டியை இடுப்பில் வைத்துத் தன் வீட்டுக்கு எடுத்துப் போனாள். கணவர் வரும்போது வாசலில் இருக்க வேண்டுமாம். எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம், "காதர் பாய் பொழைக்க வச்ச செடி" என்று சொல்லிக்கொண்டே போனாள்.

சொல்லட்டும். பாய்க்கு வாய், அஞ்சலைக்குக் கத்தி — இரண்டையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த ஐந்து ஓட்டை? அவை என் கை வேலை என்பதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும்!