அமுக்கினால் பேசலாம், விட்டால்தான் கேட்கும்

சினிமாவில் வயர்லெஸ் செட் வந்தால் எங்கள் வீட்டில் யாரும் திரையைப் பார்ப்பதில்லை, என் முகத்தைத்தான் பார்ப்பார்கள். "ஆரம்பிச்சுருவாரு பாருங்க" என்று மனைவி சொல்லி முடிப்பதற்குள் நான் ஆரம்பித்திருப்பேன். கதாநாயகன் ஏரியலை இழுத்துவிடவே இல்லை. மூன்று நாளாகக் காட்டில் அலைகிறான், பேட்டரி மட்டும் இறங்கவில்லை. நடுவில் இரண்டு மலை இருக்கிறது, குரலோ பக்கத்து அறையிலிருந்து வருவதுபோல் வருகிறது. வில்லன் செட்டின் குமிழை ஒரே ஒரு சுற்று சுற்றுகிறான், அவனுக்கு வேண்டிய பேச்சு மட்டும் சொல்லிவைத்தாற்போல் வந்து விழுகிறது. இதெல்லாம்கூடப் போகட்டும். பொத்தானை அமுக்கிக்கொண்டே பேசுகிறான், அமுக்கிக்கொண்டே பதிலும் கேட்கிறானே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியாது.

"ஒரு பாட்டுக்குப் பத்து சேலை மாத்துறாங்க, அதையெல்லாம் விட்டுடறீங்க. இது மட்டும் என்னப்பா அவ்வளவு பெரிய குத்தம்?" என்று மகள் ஒருமுறை கேட்டாள். நியாயமான கேள்வி. நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன்.

எழுபதுகளில் சில வருடங்கள் சித்திரபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு நீர்த்திட்டத்தின் வயர்லெஸ் அறையில் வேலை பார்த்தேன். சொந்த ஊர் மீனாட்சிபுரம். மாட்டையும் தோட்டத்தையும் பார்த்துக்கொண்டு ஊரோடு இரு என்றார்கள். எனக்கு ரேடியோ என்றால் பைத்தியம், கேட்கவில்லை.

மேலே மலையில் ஏரிக்கரையில் ஒரு தகரக் கொட்டகை இருந்தது. அதில் ஒரு வாட்ச்சர் தங்கியிருப்பார். தண்ணீர் எத்தனை அடி நிற்கிறது என்று நாளுக்கு மூன்று முறை செட்டில் சொல்வார். கீழே நான் அதைக் கேட்டு, அப்படியே திருப்பிச் சொல்லிவிட்டு நோட்டில் எழுதுவேன். திருப்பிச் சொல்வது கட்டாயம். கேட்டவர் திருப்பிச் சொன்னால்தான் சொன்னவர் சொன்னதாக அர்த்தம். சினிமாவில் இதையும் யாரும் செய்வதில்லை.

எங்கள் செட்டில் ஒரு சமயத்தில் ஒருவர்தான் பேச முடியும். எஸ்டேட் ரோடு மாதிரிதான், மேலிருந்து லாரி இறங்கினால் கீழே இருப்பவர் ஒதுங்கி நிற்க வேண்டும். மைக்கில் உள்ள பொத்தானை அமுக்கினால் நம் பேச்சு அங்கே போகும். கையை எடுத்தால்தான் அவர்கள் பேச்சு நமக்கு வரும். "ஓவர்" என்று சொல்வதே, நான் கையை எடுக்கிறேன், இனி நீ பேசு என்பதற்காகத்தான்.

ஒரு மழைக்காலத்தில் வழக்கமான வாட்ச்சர் லீவில் போனார். பதிலுக்கு வந்தவருக்கு நாற்பது, நாற்பத்தைந்து வயது இருக்கும். சாந்தன்பாறைப் பக்கம் ஏலத்தோட்டத்தில் இருந்துவிட்டு எங்களிடம் வந்தவர், பூர்வீகம் திருநெல்வேலி. மனைவியோடு திட்ட ஊழியர்களுக்கான லைன் வீட்டில் குடியிருந்தார். பிள்ளைகள் இல்லை. வயர்லெஸ்ஸைக் கையால் தொட்டதில்லை, சினிமாவில் பார்த்ததோடு சரி. அவரை மேலே கூட்டிப்போய்ப் பழக்கிவிட்டு வருவது என் பொறுப்பு. அன்றைக்கு டென்ட் கொட்டகையில் புதுப்படம். மேட்னிக்குத் திரும்பிவிட வேண்டும் என்று எனக்குக் காலில் வெந்நீர் ஊற்றியதுபோல் அவசரம்.

"இத அமுக்கீட்டுப் பேசுங்க. பேசி முடிச்சா ஓவர்னு சொல்லோணும். அவ்வளவுதானுங்க" என்றேன்.

"அப்புறம் தம்பி?"

"சினிமாவுல பாத்திருக்கீங்கல்ல? அதே மாதிரிதானுங்க."

அவருக்கு ஒரே சிரிப்பு. "அப்ப எனக்கு ஏற்கெனவே தெரியும்னு சொல்லுங்க."

பாடம் பத்து நிமிடத்தில் முடிந்தது. மேட்னிக்கு எழுத்துப் போடுவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டேன். அந்தப் படத்திலும் ஒரு வயர்லெஸ் காட்சி. போலீஸ் அதிகாரி ஒருவர் பொத்தானில் வைத்த கையை எடுக்காமலே மறுபக்கத்தோடு வாக்குவாதம் செய்தார். நான் கொட்டகை முழுக்கக் கேட்கும்படி சிரித்தேன். "இப்படிப் புடிச்சிருந்தா எந்தக் காலத்துல கேக்கறது?" என்று பக்கத்தில் இருந்தவருக்கு விளக்கம் வேறு. கையை எடுக்க வேண்டும் என்பதைச் சொல்லாமல் ஒருவரை மலையில் விட்டுவிட்டு வந்திருக்கிறேன் என்பது என் மண்டையில் உறைக்கவே இல்லை.

மூன்று நாள் எந்தக் குறையும் இல்லாமல் நடந்தது. அவர் அளவைச் சொல்வார், "ஓவர்" என்பார், மைக்கை ஆணியில் மாட்டிவிடுவார். மாட்டும்போது கை எடுபட்டுவிடும், நான் திருப்பிச் சொல்வது அவருக்குக் கேட்டுவிடும். சரியாகப் பழகிவிட்டார் என்று எனக்குப் பெருமைகூட இருந்தது.

நான்காம் நாள் காலை பத்து மணி இருக்கும். லைன் வீட்டுப் பெண் ஒருத்தி மழையில் நனைந்தபடி ஓடிவந்தாள். புது வாட்ச்சரின் மனைவி அடுப்படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டாள், தூக்கிக்கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், வீட்டுக்காரரை உடனே வரவழைக்கச் சொல்கிறார் டாக்டர்.

ஏரிக்குக் கீழே உள்ள ரோட்டில், காலையில் ஏறிப்போகும் ஜீப் பதினொரு மணிக்குப் பூப்பாறைப் பக்கமிருந்து திரும்பி இறங்கிவரும். நாளுக்கு அது ஒன்றுதான். கொட்டகையிலிருந்து ரோட்டுக்கு அரைமணி நடை. உடனே கிளம்பினால் ஜீப்பைப் பிடித்து ஒரு மணிக்கெல்லாம் மனைவி பக்கத்தில் இருக்கலாம். தவறவிட்டால் முழுக்க நடைதான், பொழுது சாய்ந்துவிடும்.

செட்டில் கூப்பிட்டேன். "உங்க ஊட்டுக்காரம்மாவுக்கு ஒடம்பு சரியில்லீங்க. ஆஸ்பத்திரில சேத்திருக்குதுங்க. ஓவர்." ஜீப்பைப் பற்றியும் அதே மூச்சில் சொல்லியிருக்கலாம். மனுஷன் பதறிவிடக் கூடாதே, அவர் பேச்சைக் கேட்டுக்கொண்டு அடுத்ததைச் சொல்லுவோம் என்று நினைத்தேன்.

அவர் மைக்கை எடுத்து அமுக்கினார். அப்புறம் விடவே இல்லை.

"என்ன செய்யுது அவளுக்கு? பேச்சு இருக்கா? ஓவர்."

நான் பதில் சொன்னேன். ஜீப்பைச் சொன்னேன், உடனே கிளம்பச் சொன்னேன்.

"தம்பி, ஓவர்னு சொல்லிட்டேனே. சொல்லுங்க தம்பி. ஏன் பேசாம இருக்கீங்க?"

அவர் மூச்சு வாங்குவதும், தகரத்தில் மழை அடிப்பதும்கூட எனக்குக் கேட்டது. "கையை எடுங்க! கையை எடுங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். ஒரு சொல் அங்கே போகவில்லை. போனைக் கீழே வைத்தால் லைன் அறுந்துபோகும் இல்லையா, அப்படி அறுந்துவிடும் என்று பயந்திருக்கிறார். பதில் வராமல் போகப் போக இன்னும் இறுக்கிப் பிடித்திருக்கிறார். மற்ற நாளைப்போல ஆணியில் மாட்டியிருந்தால் போதும், எல்லாம் கேட்டிருக்கும். அன்றைக்கு மாட்ட அவருக்கு மனசு வரவில்லை.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பத்தரை ஆகி, அதுவும் தாண்டியது. அப்போது அவர் குரல் தணிந்து வந்தது.

"தம்பி, நீங்க பேசுதது எனக்குக் கேக்கல. நான் பேசுதது உங்களுக்குக் கேட்டா, அவகிட்ட ஒண்ணு சொல்லிருங்க. கெளம்புற அன்னைக்குச் சண்ட. கட்டிவச்ச சோத்த அப்படியே வச்சிட்டு வந்துட்டேன். ஜீப்புல ஏறும்போதே கோவம் போயிருச்சு, திரும்பி வந்து எடுக்க வெக்கமா இருந்துச்சு. தப்பு எம்மேலதான். நான் நல்லா சாப்பிடுதேன், அவ கவலைப்பட வேண்டாம். வந்து அவ கையால சாப்பிடுதேன்னு சொல்லுங்க. ஓவர்."

ஓவர் என்றுதான் சொன்னார். கையை எடுக்கவில்லை.

பதினொரு மணி தாண்டிவிட்டது. ஜீப் போயிருக்கும். "கேக்குதா தம்பி, கேக்குதா" என்று அவர் குரல் வந்துகொண்டே இருந்தது. பிறகு அது தேய்ந்து தேய்ந்து, பன்னிரண்டு மணி வாக்கில் நின்றுபோனது. மேலே பேட்டரி இறங்கிவிட்டது. அதன் பிறகுதான் ஒரு ஆளை நடையாக மேலே அனுப்ப எனக்கு புத்தி வந்தது. அவர் கையை எடுத்துவிடுவார், எடுத்துவிடுவார் என்று இரண்டு மணி நேரத்தை வீணாக்கியிருந்தேன்.

செட்டுக்குப் பக்கத்தில் வேறொருவரை உட்காரவைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அந்த அம்மாவுக்கு நினைவு இருந்தது. கட்டிலைச் சுற்றி ஐந்தாறு பெண்கள் நின்றார்கள். என்னைக் கண்டதும் அந்த அம்மா மெதுவாகக் கேட்டார்.

"தம்பி, அவரு அங்க சாப்பிடுதாராமா? சோத்த வச்சிட்டுப் போயிட்டாரு. நாலு நாளா அதே நெனப்பு."

அதற்கான பதில் அப்படியே என் காதில் இருந்தது. வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதான் பாக்கி. அத்தனை பெண்களுக்கு நடுவில், ஒருவர் தன் மனைவிக்குச் சொன்னதை நான் எப்படிச் சொல்வது என்று கூச்சம். கல்யாணம் ஆகாத வயது எனக்கு. சாயங்காலம் அவரே வந்து சொல்லிக்கொள்ளட்டுமே என்றும் ஒரு எண்ணம். "வந்துட்டே இருக்காருங்க. அவரே வந்து சொல்லுவாரு" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

நாலு மணிக்கு முன்பே அந்த அம்மா போய்விட்டார். இருட்டுகிற நேரத்தில் அவர் வந்து சேர்ந்தார். செட் அடங்கியதும் தானாகவே கிளம்பி நடந்தவர், நான் அனுப்பிய ஆளைப் பாதி வழியில்தான் பார்த்திருக்கிறார். அட்டை கடித்த காலெல்லாம் ரத்தம். வாசலில் நின்றவர்களின் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

நோட்டில் அன்றைய பக்கத்தில் "செட் பழுது" என்று எழுதினேன்.

காரியமெல்லாம் முடிந்து இரண்டு வாரத்துக்கு அப்புறம் அவர் வயர்லெஸ் அறைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. மொட்டை அடித்திருந்தார். செட்டையே சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அன்னைக்கு நான் பேசுனது கொஞ்சமாச்சும் கேட்டுச்சா தம்பி?"

கேட்டது என்று சொன்னால், அவளிடம் சொன்னீர்களா என்பதுதான் அடுத்த கேள்வி.

"இல்லீங்க. செட்டு ரிப்பேரு ஆயிருச்சுங்க. ஒண்ணுமே கேக்கலீங்க."

"அவ ஏதாச்சும் கேட்டாளா?"

"இல்லீங்க."

தலையை ஆட்டிக்கொண்டார். என் தோளில் கை வைத்தார். "மிசினு கெட்டுப்போனா நீங்க என்ன செய்வீங்க தம்பி. மனசப் போட்டுக் குழப்பிக்காதீங்க" என்று எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார். அடுத்த மாதம் வேலையை விட்டு எங்கேயோ போய்விட்டார். அப்புறம் நான் அவரைப் பார்க்கவில்லை.

மகள் கேட்டதற்குப் பதில் இதுதான். அன்றைக்குச் செட்டில் ஒரு பழுதும் இல்லை. அவர் சொன்னது முழுவதும் எனக்குக் கேட்டது, அந்த அம்மா கேட்டதும் எனக்குக் கேட்டது. திருப்பிச் சொல்வது என் வேலை, நான் இரண்டு பேருக்குமே சொல்லவில்லை.