துரை அடித்த பந்து

அண்ணனின் வெள்ளைக் கால்சட்டை கோதுமை மாவுச் சாக்கில் தைத்தது. அம்மா மூன்று முறை வெளுத்தும் பின்பக்கத்தில் அச்சடித்திருந்த சேவல் முழுசாகப் போகவில்லை. அதை உடுத்திக்கொண்டுதான் ஈப்போவில் கிரிக்கெட் ஆட ரயிலேறினான். பந்தைத் துரத்துகிறவனை எல்லோரும் பின்னாலிருந்துதானே பார்ப்பார்கள் என்று நான் வம்புக்கிழுத்தேன். பார்த்துவிட்டுப் போகட்டும் என்று சிரித்தான். அவன் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி.

சுங்காய் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நாங்கள் பால் வெட்டுக்காரர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரை தன் பங்களா முன்னால் மட்டை பிடிப்பார்; எங்கள் ஆட்கள் பந்து போட வேண்டும், பொறுக்க வேண்டும். அண்ணனுக்குக் கடைசி எல்லை, பால்மரங்களின் ஓரம். துரை தூக்கி அடித்தால் மட்டும் யாரும் பிடிக்கக் கூடாது. பிடித்தால் அவர் ஆட்டமிழந்துவிடுவாரே. கைக்கு வந்ததையும் நழுவவிட்டுத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் என்பது எங்களை வேலை வாங்கும் கங்காணியின் சட்டம். தெரியாமல் பிடித்த ஒருவனை மறுநாளே, ஏறி இறங்கியே இடுப்பொடியும் மேட்டுக்காட்டு மரங்களுக்கு மாற்றினார். துரைக்கு இந்தக் கூத்து எதுவும் தெரியாது. தன் ஆட்டத்தில் அவருக்கு அபார நம்பிக்கை. ஆறேழு வருடம் அண்ணன் அழகழகாக நழுவவிட்டான்.

அவன் ஓட்டத்தைக் கண்டுகொண்டவர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி. சுங்காயில் கிராணிமார் ஆடும் குழுவில் சேர்த்துவிட்டார். அங்கே பிடிக்கத் தடையில்லை. மட்டை ஓசை கேட்கும் முன்னே ஓடிவிடுவான் என்பார்கள். அடுத்த வருடம் தாப்பா ஊர்க் குழு. அதற்கடுத்து ஈப்போக் குழுவிலிருந்தே ஆள் வந்தது. அந்தக் குழுத்தலைவர் அரசாங்க அலுவலகத்தில் பெரிய கிராணி. ஒரே ஓர் ஆட்டம் ஆடிக் காட்டு, குழுவிலும் இடம், அலுவலகத்தில் பியூன் வேலையும் உண்டு என்றார். பால் வாளியை இறக்கி வைக்க எங்கள் லயத்து வீடுகளில் யாருக்கும் அப்படியொரு வழி வாய்த்ததில்லை.

அந்த ஆட்டத்தில் எதிரணி தோட்டத் துரைமார். அதில் எங்கள் துரையும் உண்டு.

ரயிலடியில் அப்பா அவன் தோளைப் பிடித்துக்கொண்டார். “தம்பி, நம்ம தொர பந்து வந்தா மட்டும் விட்டுருப்பா. நாங்க இங்கதானே கெடக்கணும்.” அண்ணன் பையைத் தூக்கிக்கொண்டு ரயிலேறினான்.

நடந்ததைக் கிராணி வந்து சொன்னார். துரை தூக்கி அடித்திருக்கிறார். யாருக்கும் எட்டாத பந்துக்கு அண்ணன் ஓடி, சரியாக அதன் கீழே போய் நின்றிருக்கிறான். கையில் விழுந்த பந்து தரைக்குப் போயிருக்கிறது. பிறகு தலையில் அடித்துக்கொண்டானாம். குழுத்தலைவர் அதன்பின் அவன் பக்கம் திரும்பவே இல்லை. துரை தோட்டத்துக்குத் திரும்பியதும், இத்தனை வருடத்தில் ஒரு பந்துகூடப் பிடிக்காதவனை எந்த மடையன் ஈப்போவுக்கு அனுப்பினான் என்று கேட்டாராம்.

அண்ணன் மறுநாளே, விடியுமுன் பேர் கூப்பிடும் பிரட்டுக்குப் போனான். பெற்ற மகன் வாயில் மண்ணைப் போட்டீர்களே என்று அப்பாவைக் கேட்டேன். அவர் மறுக்கவில்லை. நான்தான் கெடுத்தேன், நான்தான் கெடுத்தேன் என்று சொல்லிச் சொல்லியே தேய்ந்தார். நான் கல்யாணம் கட்டிக்கொண்டு சிம்பாங் பூலாய் வந்த பிறகும் அவருக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை. அத்தனை கோபம் எனக்கு.

அவருடைய கருமாதியன்று பழையதை மறுபடி எடுத்தேன். அண்ணன் இலையைப் பார்த்தபடி சொன்னான்: “அப்பா மேல பழி போடாத தங்கச்சி. பிடிக்கணும்னுதான் ஓடுனேன். கை தானா விரிஞ்சிருச்சு.”

இதை அவரிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“அப்பா சொன்னதால விட்டேன்னா, பெத்தவர் பேச்சக் கேட்ட புள்ளன்னு பேராச்சும் இருக்கு. இத என்னன்னு சொல்றது?”

துரைமார் கப்பலேறி எத்தனையோ காலமாகிறது. அண்ணனும் போய்விட்டான். அப்பாவிடம் நான் பேசாமலிருந்த அந்த வருடங்களுக்கு மன்னிப்புக் கேட்க, இப்போது யாருமில்லை.